குணசேகரன் போன் எடுக்கப் பிறந்தவர் அல்ல

விழுப்புரம் பேருந்து நிலையத்தில், திண்டிவனம் வண்டி வந்து நிற்கும் இடத்தில் நான் குணசேகரனுக்காகக் காத்திருந்தேன். தாமதமாக வருவது அவர் வழக்கம் இல்லை. தாமதமாக வரும் என்னைத் திட்டுவதுதான் அவர் வழக்கம். ஒரு வண்டியை விட்டேன். அடுத்ததையும் விட்டேன். அப்போதுதான் கைபேசி அதிர்ந்தது. எங்கள் கல்லூரியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மெழுகுவத்திப் படம். அதன் கீழே, "நமது கல்லூரியின் தொலைபேசிப் பிரிவைச் சேர்ந்த திரு. குணசேகரன் இன்று காலை மாரடைப்பால் காலமானார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று இருந்தது.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. தொலைபேசிப் பிரிவு என்ற சொல்லைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கள் கல்லூரியில் தொலைபேசிப் பிரிவு என்று ஒன்று கிடையவே கிடையாது. வரவேற்பறையில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு போன், அவ்வளவுதான். அந்த மேசைக்கு ஒரு பிரிவு என்று பெயர் வைத்து, அதில் ஒரு மனிதரைச் சேர்த்து, செத்த பிறகும் அங்கேயே உட்கார வைத்திருந்தார்கள். செய்திக்குக் கீழே கும்பிடு போட்ட கைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா, "இன்னா பாய், மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சி?" என்று கேட்டார். கைபேசியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

குணாவைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் பெயர் ஜமால். திண்டிவனத்தில் அவர் வேலை பார்த்த அதே கல்லூரியில், கணினி மையத்தின் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவன். சொந்த ஊர் கோட்டக்குப்பம், திருமணத்துக்குப் பிறகு விழுப்புரத்துக்காரன் ஆனேன். குணா விழுப்புரம் பக்கம் கெடாரில் கரும்பும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும் பயிரிடும் குடும்பத்துப் பிள்ளை. பிறவியிலேயே பார்வை கிடையாது. எம்.சி.ஏ. படித்து, எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்து, புரோகிராமராக வேலையில் சேர்ந்தவர். பதவியில் எனக்கு மேலே. எங்கள் கல்லூரியின் தேர்வு மதிப்பெண்களைக் கணக்கிடும் நிரலை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எழுதியவர் அவர். அந்த நிரல் கொடுத்த மதிப்பெண் பட்டியலை வைத்து மேல்படிப்புக்குப் போன பிள்ளைகள் இன்று எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்களுக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.

அவர் சேர்ந்த புதிதில், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளை அவருடைய கணினியில் நான்தான் நிறுவிக் கொடுத்தேன். எனக்குப் புரியும் வேகத்தில் அதைப் பேச வைத்திருந்தேன். அவர் உட்கார்ந்தார், கொஞ்சம் கேட்டார், "இது இன்னா பாய், தூங்கிக்கினே பேசுது?" என்று சொல்லி வேகத்தை ஏற்றிக்கொண்டே போனார். கடைசியில் கடுகு வெடிப்பது மாதிரி ஒரு சத்தம்தான் எனக்குக் கேட்டது. அவருக்கு அதில் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. நான் திரையில் ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் அவர் மூன்று பக்கம் தாண்டியிருப்பார். கல்லூரிக்கு விருந்தாளிகள் வந்தால் செயலாளர் அவர்களைக் கணினி மையத்துக்கு அழைத்துவந்து குணாவைக் காட்டுவார். கோவில் யானையைக் காட்டுவதுபோல வாசலில் நின்று காட்டுவார். ஒரு முறை குணா கையை விசைப்பலகையிலிருந்து எடுக்காமலேயே, "பார்த்துட்டீங்களா? அப்போ கதவ சாத்திக்கினு போங்க, ஏ.சி. வெளிய போவுது" என்றார். செயலாளர் அதை மறக்கவில்லை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

செத்துப் போனவர் என்பதற்காக அவரைத் தங்கம் என்று நான் எழுதப் போவதில்லை. குணாவுக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். வறுத்த மல்லாட்டையை சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தனியாகவே தின்பார். கேட்டால், "உனுக்குக் கண்ணு தெரியுது இல்ல, போய் வாங்கிக்கோ" என்பார். தான் சொன்னதே சரி என்று நிற்பார். ஒரு நாள் அவர் கணினி பேசவில்லை. மென்பொருளின் ஏதோ ஒரு லைப்ரரியில்தான் கோளாறு, நான் போட்ட அப்டேட்தான் காரணம் என்று காலை முழுவதும் என்னைக் காய்ச்சி எடுத்தார். தன் லேப்டாப்பிலிருந்து உள்ளே போய் எதை எதையோ அலசினார். மதியம் கூட்டிப் பெருக்க வந்த அம்மா, "சார், காலையில இந்த ஒயரு காலுல மாட்டிச்சி, கழட்டி வெச்சேன்" என்று ஸ்பீக்கர் ஒயரைக் காட்டினார். குணா மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். "அத நீ மொதல்ல பார்த்திருக்கணும் பாய்" என்றார். அதற்குப் பிறகு எந்தப் பழுது வந்தாலும் அவருடைய முதல் கேள்வி, "ஒயரு மாட்டிக்கினு கீதா?" என்பதுதான். இரண்டாவது எப்போதும் ஒரே வாக்கியம்தான்: "ஊகம் பண்ணாத பாய். அதையே வாயத் தொறந்து சொல்ல வை."

அந்த இரண்டாவது வாக்கியத்தின் பொருளை எனக்கு அவர் விளக்கியது இதே விழுப்புரம் பேருந்து நிலையத்தில். பண்டிகைக்கு முந்தைய நாள், வண்டி உள்ளே நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டுகளும் பைகளும் இருக்கைகளில் விழுந்துகொண்டிருந்தன. டைனமிக் லிங்கர் என்றால் என்ன என்று நான் அவரிடம் கேட்டிருந்தேன். ஒரு நிரல் தனக்கு வேண்டிய எல்லா வேலைகளையும் தானே சுமந்துகொண்டு வருவதில்லை. பல நிரல்களுக்கும் பொதுவான வேலைகளைச் சேர்த்து வைத்த லைப்ரரிகள் கணினியில் இருக்கின்றன. நிரல் தொடங்கும்போது, "எனக்கு இந்தப் பெயருள்ள வேலைகள் வேண்டும்" என்று கேட்கும். லிங்கர் என்பது ஒவ்வொரு பெயரையும் தேடிக் கண்டுபிடித்து நிரலுடன் முடிச்சுப் போட்டுவிடும் சின்ன மென்பொருள். இவ்வளவும் எனக்குப் புத்தகத்தில் தெரிந்ததுதான். ஒரே பெயர் இரண்டு லைப்ரரிகளில் இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

"மொதல்ல துண்டு போட்டவனுக்கு சீட்டு" என்றார் குணா. "லிங்கருக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. வரிசையா தேடிக்கினு போவும். பேரு கெடச்ச எடத்துல முடிச்சிப் போட்டுட்டுத் திரும்பிடும். பின்னாடி நூறு மடங்கு ஒசத்தியான ஆளு நின்னுக்கினு இருந்தாலும் திரும்பிப் பார்க்காது. அதனால எவன் மொதல்ல நிக்கிறான்னு பார்க்கணும். அத நீ யோசிச்சிக் கண்டுபிடிக்க முடியாது. எங்கெங்க தேடுன, எங்க முடிச்சிப் போட்டன்னு லிங்கரையே சொல்லச் சொல்லலாம். அதுக்கு வழி இருக்கு. எல்லாத்தையும் எழுதிக் குடுத்துடும். படிக்கத்தான் ஒருத்தனுக்கும் பொறுமை கெடையாது." பேசிக்கொண்டிருந்ததில் எங்கள் இருவருக்குமே இடம் கிடைக்கவில்லை. திண்டிவனம்வரை நின்றுகொண்டே போனோம். அதற்கும் என்னைத்தான் திட்டினார்.

பிறகு விரல்ரேகை வந்தது. ஊழியர்களின் வருகையைப் பதிவு செய்ய ஒரு சென்னை கம்பெனியிடம் மென்பொருள் வாங்கினார்கள். கம்பெனியின் ஆள் ஒருவர் வந்து கணினி மையத்தின் எல்லா இயந்திரங்களிலும் அதை நிறுவிவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் ஜல்தியாகக் கிளம்பிப் போனார். மறுநாள் காலை குணா உட்கார்ந்தார். கணினி பேசவில்லை. ஒயர் மாட்டியிருந்தது. ஸ்பீக்கரில் பாட்டு போட்டுப் பார்த்தேன், பாடியது. பேசும் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று இயந்திரம் சொன்னது. சத்தம் மட்டும் வரவில்லை. பார்வை உள்ளவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்றால், அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்ததும் திரை கறுப்பாகி, எல்லோரும் "உங்கள் திரை நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொல்வதைப் போல இருக்கும்.

பழுது சரியாகும்வரை என்று சொல்லி அன்று மாலையே அவரை வரவேற்பறைக்கு அனுப்பினார்கள். அங்கே போன் எடுத்துக்கொண்டிருந்த பெண் மகப்பேறு விடுப்பில் போயிருந்தார். இது தற்செயல் என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. பார்வை இல்லாதவர் என்றவுடன் போனும் ஊதுவத்தியும் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வராத மனிதர்கள் கையில் அதிகாரம் இருந்தால், இப்படிப்பட்ட தற்செயல்கள் நடந்துகொண்டேதான் இருக்கும்.

குணா இரண்டு நாள் மதிய உணவு நேரத்தில் மையத்துக்கு வந்து, தன் லேப்டாப்பை வலையில் இணைத்து, ஊமையாகிப் போன அந்தக் கணினிக்குள் நுழைந்தார். பேசும் மென்பொருளை மறுபடி தொடங்க வைத்து, லிங்கர் செய்வதையெல்லாம் ஒரு கோப்பில் எழுதச் சொன்னார். கோப்பு மலையாக வளர்ந்தது. எந்தெந்த அடைவில், அதாவது ஃபோல்டரில், தேடியது, எந்தப் பெயரை எந்த லைப்ரரியில் முடிச்சுப் போட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. வடிகட்டினால் சீக்கிரம் முடியுமே என்றேன். "எதத் தேடறதுன்னு தெரிஞ்சாதான் வடிகட்டலாம். தெரிஞ்சா மாதிரி நடிக்கக் கூடாது" என்று லேப்டாப்பை முழு வேகத்தில் படிக்க வைத்தார். கடுகு வெடித்துக்கொண்டே இருந்தது. சோறு ஆறிக்கொண்டே இருந்தது. திடீரென்று கையைத் தூக்கினார். பின்னால் போய் ஒரே வரியை மறுபடி கேட்டார். "பாய், ஸ்பீக்கரத் தொறக்கிற வேலைய லிங்கர் எங்க போய் எடுத்துக்கினு வந்திருக்குது பாரு. நம்ம ஒலி லைப்ரரியில இல்ல. வருகைப்பதிவுக்காரன் அடைவுல!"

நான் அந்த அடைவைத் திறந்து பார்த்தேன். கம்பெனிக்காரர்கள் தங்கள் மென்பொருளுடன் சொந்தமாக ஒரு ஒலி லைப்ரரியையும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அசல் லைப்ரரியில் உள்ள அதே பெயர்கள் அதில் இருந்தன. உள்ளே வேலை எதுவும் இல்லை. ஸ்பீக்கரைத் திற என்றால், திறந்துவிட்டேன் என்று பதில் சொல்லும். பேசு என்றால், பேசிவிட்டேன் என்று சொல்லும். ஒன்றும் செய்யாது. அவர்களுடைய கருவி தானே பீப் அடித்துக்கொள்ளும் என்பதால் கணினியின் சத்தத்தை அடக்குவதற்கு இப்படி ஒரு பொம்மையைச் செய்திருந்தார்கள். அது அவர்கள் மென்பொருளுக்குள் இருந்தவரை தப்பில்லை. ஆனால் அந்த ஆள், கிளம்பும் அவசரத்தில், தங்கள் அடைவை எல்லா நிரல்களும் முதலில் தேட வேண்டிய இடமாக இயந்திரம் முழுமைக்கும் எழுதிவிட்டுப் போயிருந்தார். பேசும் மென்பொருள் அந்தப் பொம்மையுடன் முடிச்சுப் போடப்பட்டிருந்தது. அது பேசிக்கொண்டுதான் இருந்தது, பொம்மையிடம்.

குணா சிரித்தார். "வேல செய்யாம செஞ்சிட்டேன்னு சொல்றவனுக்கு மொத சீட்டு. நம்ம காலேஜிக்கின்னே செஞ்ச லைப்ரரி பாய் இது" என்றார். அன்று நானும் சேர்ந்து சிரித்தேன். அதை இப்போது எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கம்பெனிக்குப் போன் போட்டோம். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "சார், மத்த காலேஜ்ல எல்லாம் நல்லா ஓடுது சார். உங்க சிஸ்டத்துலதான் ஏதோ பிராப்ளம்" என்றார். குணா பொறுமையாக எந்த வரி, எந்த அடைவு, எந்தப் பெயர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சார், பிளைண்ட் யூசர் இருப்பாங்கன்னு ரிக்வயர்மெண்ட்ல இல்ல சார்" என்று பதில் வந்தது.

"நான் ரிக்வயர்மெண்ட் இல்லப்பா, ஸ்டாஃப்" என்றார் குணா.

தீர்வையும் அவரே சொன்னார். அந்த அடைவை இயந்திரம் முழுமைக்கும் முதல் இடமாக வைக்கத் தேவையில்லை. வருகைப்பதிவு தொடங்கும்போது அதற்கு மட்டும் அந்த இடத்தைக் காட்டினால் போதும். சில வரிகளில் ஒரு சின்ன நிரல். கம்பெனியின் கோப்பு எதையும் தொடவில்லை. நான் செய்து வைத்தேன். விரல் வைத்தால் கருவி பீப் அடித்தது, குணாவின் கணினி பேசியது. இரண்டும் ஒரே இயந்திரத்தில், ஒன்றை ஒன்று இடிக்காமல் ஓடின. அன்று பகல் முழுவதும் அவர் தன் இருக்கையில் வேலை பார்த்தார். மாலையில் கம்பெனியின் ஆள் சென்னையிலிருந்தே இணையம் வழியாக உள்ளே நுழைந்து, தங்கள் அமைப்பை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று பழைய வரியைத் திரும்ப எழுதிவிட்டுப் போனார். மறுநாள் கணினி மறுபடி ஊமை.

நான் எடுப்பேன், அவர்கள் வைப்பார்கள். சில வாரங்கள் இந்தக் கூத்து நடந்தது. முடிவில் செயலாளர் எங்கள் இருவரையும் அழைத்தார். குணா லேப்டாப்புடன் போனார். அந்த வரியை அவருக்கே படித்துக் காட்டலாம் என்று நினைத்தார். செயலாளர் அதைத் திறக்கவே விடவில்லை.

"குணா, உங்க தெறம எனக்குத் தெரியாதா? ஆனா அவங்க செட்டிங்ல கை வெச்சா கான்ட்ராக்ட் செல்லாதுன்னு சொல்றாங்க. எதுக்கு நமக்கு அந்தப் பேஜாரு? நீங்க போன்லயே இருங்க. அதுவும் வேலதானே?"

"வேலதாங்க சார். என் வேல இல்ல."

"ஒக்காந்த எடத்துல வேல. படிக்கட்டு ஏற வேணாம், எறங்க வேணாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"சார், நான் படிக்கட்டு கஷ்டமா இருக்குதுன்னு எப்பனா சொன்னனா? மிஷினு பேச மாட்டேங்குதுன்னு சொன்னேன். ஏன் பேச மாட்டேங்குதுன்னும் சொன்னேன். சரி பண்ணியும் காட்டினேன். இன்னும் இன்னா சார் நான் பண்ணணும்?"

நானும் கத்தினேன். அவர் சொல்வது சரி, நான் கண்ணால் பார்த்தேன், வேண்டுமானால் வேறு எந்தக் கணினித் துறைப் பேராசிரியரையும் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். செயலாளர் எதையும் மறுக்கவில்லை. அதுதான் என்னால் இன்றும் தாங்க முடியாதது. குணா சொன்னது தவறு என்று அந்த அறையில் ஒருவரும் சொல்லவில்லை. சரியாக இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை. அந்த வாரமே இயந்திரங்களின் நிர்வாகக் கடவுச்சொல்லை என்னிடமிருந்து வாங்கிக் கம்பெனியிடம் கொடுத்தார்கள். எனக்கு மிச்சம் விட்டது பிரிண்டர்களும் போன் இணைப்புகளும்தான். சொந்த லேப்டாப்பில் வேலை பார்க்கிறேன் என்று குணா எழுதிக் கொடுத்தார். தேர்வு மதிப்பெண்களை வெளி இயந்திரத்தில் வைக்கக் கூடாது என்று விதியைக் காட்டினார்கள். அந்த விதியை எழுதியவரே குணாதான்.

தற்காலிகம் என்றார்கள். விடுப்பில் போன பெண் திரும்பி வந்து அலுவலகத்தில் வேறு இடத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் குழந்தை நடக்க ஆரம்பித்து, பள்ளிக்கும் போகத் தொடங்கிவிட்டது. குணா போன் மேசையிலேயே இருந்தார். அவர் எழுதிய மதிப்பெண் நிரலை ஓரங்கட்டிவிட்டு அதற்கும் அதே கம்பெனியிடம் ஒன்று வாங்கினார்கள்.

அவர் அடங்கிப் போய்விட்டார், அந்த வேலையை ஏற்றுக்கொண்டார் என்று இரங்கல் கூட்டத்தில் ஒருவர் பேசினார். "எதையும் புன்னகையோடு ஏற்றுக்கொண்ட மாமனிதர்" என்றார். ஐயா, நீங்கள் எந்தக் குணாவைச் சொல்கிறீர்கள்? நான் அறிந்த குணா ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் என் பதவியைத் திருப்பிக் கொடுங்கள் என்று மனு கொடுத்தார். போன் மணி அடித்தால் "சொல்லுங்க" என்று மட்டும்தான் சொல்வார். வணக்கம் சொல்லச் சொன்னதற்கு, "புரோகிராமருக்கு அது வேலையில இல்ல" என்று பதில் சொன்னார். பேருந்தில் திரும்பும்போதெல்லாம் என்னிடம் லிங்கரைப் பற்றியே பேசுவார். புது வெளியீட்டில் தேடும் முறையில் இன்ன மாற்றம் வந்திருக்கிறது, நீ பார்த்தாயா என்று கேட்பார். பார்க்கவில்லை என்றால் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம்வரை ஏச்சு. வீட்டில் தன் லேப்டாப்பில் யாரோ எவரோ எழுதிய நிரல்களின் பழுதுகளை உட்கார்ந்து சரி செய்து அனுப்புவார். ஒரு நாள், "ஏன் குணா, இன்னும் இவ்ளோ கோவம்? உடம்பு இன்னாத்துக்கு ஆவறது?" என்று கேட்டுவிட்டேன். "கோவம் போயிடுச்சின்னா நான் போன் எடுக்கிறவன் ஆயிடுவேன் பாய்" என்றார். அவர் நெஞ்சுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். என்ன ஏறிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும்.

கல்லூரி வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதைப் பார்த்த பிறகு எனக்கு இரத்தம் தலைக்கேறிவிட்டது. குணாவின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். முகத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி! குணா வாழ்நாளில் கறுப்புக் கண்ணாடி போட்டதில்லை. போடச் சொன்ன ஒரு உறவினரோடு பேச்சையே நிறுத்தியவர் அவர். நான் நேராக ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் பயந்துவிட்டார். "பாய், கோச்சிக்காதீங்க. கண்ணு தெரியாதவருன்னு சொன்னாங்க. போட்டோவுல கண்ணாடிய காணோம். நல்லா இருக்கட்டும்னு நான்தான் கம்ப்யூட்டர்ல போட்டேன்" என்றார். அந்த மனிதர்மேல் எனக்குக் கோபமில்லை. அன்றே வேறு படம் அடித்துக் கொடுத்தார், அவரே வந்து கட்டவும் செய்தார். ஆனால் அதுவரை அந்த வாசல் வழியாக எத்தனையோ பேராசிரியர்கள், அலுவலர்கள், குணாவோடு வருடக்கணக்கில் தேநீர் குடித்தவர்கள் போய் வந்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். இது அவர் முகம் இல்லையே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இவர்களுக்கு எல்லாம் பார்வை இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தது யார்?

காரியத்தன்று செயலாளர் விழுப்புரத்தில் குணாவின் வீட்டுக்கு வந்தார். குணாவின் மனைவி மல்லிகா, திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. செயலாளரை எதிரில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். செயலாளர் உண்மையாகவே கலங்கித்தான் இருந்தார். அதை நான் மறைக்க விரும்பவில்லை. கல்லூரிக்கு யார் போன் செய்தாலும் முதலில் கேட்கிற வரவேற்புப் பதிவு குணாவின் குரலில் இருந்தது. மணி அடிக்கும்போது வணக்கம் சொல்ல மறுக்கிறார் என்பதால், ஒரே ஒரு முறை சொல்லிவிடுங்கள் என்று மன்றாடி அவரிடம் வாங்கிய பதிவு அது. "அந்தக் குரல எடுக்கவே போறதில்லம்மா. காலேஜ் இருக்கிற வரைக்கும் அவருதான் போன் எடுப்பாரு. அதுதான் நாங்க அவருக்குச் செய்யற மரியாத" என்றார்.

மல்லிகா நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு வகுப்பில் பேசுகிற குரலில், "சார், உயிரோட இருந்தவரைக்கும் அவரு அந்த எடத்த உட்டு எழுந்திரிக்க உடுங்கன்னுதான் உங்கள கேட்டுக்கினு இருந்தாரு. செத்ததுக்கு அப்புறமும் ஒக்கார வைக்கப் போறீங்களா? அத எடுத்துடுங்க" என்றார்.

செயலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மல்லிகா என் பக்கம் திரும்பினார். "அண்ணா, அது உங்க பொறுப்புலதான இருக்குது? நீங்க எடுத்துடுங்க. எங்களுக்கு அவரு கொரலு வேணும்னா, புள்ளைங்கள திட்டினதெல்லாம் என் போன்ல நெறைய இருக்குது."

மறுநாள் முதல் வண்டியில் திண்டிவனம் போனேன். ஜன்னலோர இருக்கை எனக்கே கிடைத்தது, உட்காரப் பிடிக்கவில்லை. மையத்தைத் திறந்து, போன் இணைப்பு இயந்திரத்திலிருந்து அந்தப் பதிவை எடுத்துவிட்டேன். நகல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இரண்டு. ஒன்று, எதையும் ஊகிக்காமல் அதன் வாயாலேயே சொல்ல வைக்கும் பழக்கம். இன்னொன்று, ஆறாத அந்தக் கோபம். முதலாவதை அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். இரண்டாவதை நானே எடுத்துக்கொண்டேன்.

இப்போது எங்கள் கல்லூரிக்குப் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. யாருடைய அனுமதியில் பதிவை நீக்கினாய் என்று என்னிடம் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இதுதான் என் விளக்கம்.